ஆடி மாசம் பூட்டிக் கிடந்த மண்டபத்துல காப்பர் பைப் திருட்டு – இன்சூரன்ஸ் வருமா?

ஒத்தக்கடை_மண்டபம்:
அவசரம். மொட்டை மாடி ஏசி காப்பர் பைப்பு, இடிதாங்கி பட்டை எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்சூரன்ஸ் இருக்கு, காசு வருமா? இனிமே திருடு போகாம என்ன பண்றது? அடுத்த வாரம் ஆவணி முகூர்த்தம். சீக்கிரம் சொல்லுங்கண்ணே.

மேலூர்_வயர்மேன்:
எத்தனை ஏசி, எத்தனை டன்? வெட்டுன முனைய மூடுனீங்களா? R32, R410A கேஸ் மெஷின் ஆயில் காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சும், திறந்து கிடந்தா கம்ப்ரசர் காலி. போட்டோ எடுத்துட்டு இன்னைக்கே மூடி போட்டு அடைங்க. பைப்பு மாத்துறவர் வெறும் கேஸ் ஏத்திட்டுப் போனா விடாதீங்க. நைட்ரஜன் பிரஷர் வச்சு லீக் பாக்கணும், அப்புறம் உள்ள இருக்குற காத்தும் ஈரமும் போக, வேக்கம் கேஜ்ல 500 மைக்ரானுக்குக் கீழ வர்ற வரைக்கும் வேக்கம் எடுக்கணும்.
எர்த் கம்பியும் போச்சா? போயிருந்தா மெயினை ஆன் பண்ணாதீங்க. பாடில கரண்ட் இறங்கினா எம்சிபி (ஓவர் கரண்டுக்கு விழுற சுவிட்ச்) விழாது. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா விழுற சுவிட்ச்) இருந்தாலும் யாராவது தொட்ட பிறகுதான் விழும்.

பாலிசி_பார்த்தசாரதி:
என்ன பாலிசி? பூட்டு உடைஞ்சுதா? போலீஸ்ல குடுத்தது எஃப்ஐஆரா, வெறும் புகார் ரசீதான சிஎஸ்ஆரா? கடைசி விசேஷம் எப்போ?

சர்வே_பெரியவர்:
இன்சூரன்ஸ் இருக்குன்னு மட்டும் எழுதினா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது? பிரீமியம் கட்டத் தெரிஞ்சவருக்கு எதுக்கெல்லாம் கவர்னு போட்டிருக்குற ஷெட்யூல் பக்கத்தைப் புரட்டத் தெரியாதா? பேங்க் கடனுக்காகப் போட்ட தீ பாலிசின்னா தனித் திருட்டுக்குப் பைசா வராது. தீ, வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து, அதுலருந்து 7 நாளுக்குள்ள திருடு போனாத்தான் அதுல கவர்.

ஒத்தக்கடை_மண்டபம்:
பேங்க்ல போட்டதுதான். மாடிக் கதவுப் பூட்டு உடைஞ்சு கிடக்கு. சிஎஸ்ஆர் குடுத்தாங்க.

பாலிசி_பார்த்தசாரதி:
பூட்டைத் தொடாதீங்க, அதுதான் உங்க சாட்சி. பர்க்லரி (உடைச்சுப் புகுந்து திருடுறது) பிரிவு தனியா இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் பலாத்காரமா உள்ள நுழைஞ்சதுக்கு அடையாளம் கேப்பாங்க. 2004ல ஹர்சந்த் ராய் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் பாலிசி வாசகப்படி அதையே சொல்லிருச்சு. சிஎஸ்ஆர் போதாது. எஃப்ஐஆர்ல பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 303 மட்டும் போட்டா சாதா திருட்டுன்னு தட்டிக் கழிப்பாங்க. பூட்டு உடைச்ச விவரத்தைப் புகார்லயே எழுதுங்க, அப்பத்தான் 331 (உடைச்சுப் புகுறது), 305 (கட்டடத்துக்குள்ள திருட்டு) சேரும். எஃப்ஐஆர் போட மறுத்தா எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்.
இன்னொண்ணு: மொட்டை மாடி திறந்த வெளின்னு சில பாலிசில விலக்கு உண்டு.

அலங்காநல்லூர்_எர்த்:
இடிதாங்கிக்கு மறுபடி காப்பர் போடாதீங்க. 25×3 மி.மீ. பட்டை மீட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பழைய இரும்புக் கடைக்காரருக்கு அதுதான் கொண்டாட்டம். மேல அதே அளவு அலுமினியப் பட்டை போதும். கீழே ஆள் உயரத்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப்புக்குள்ள விட்டுருங்க.

மேலூர்_வயர்மேன்:
ஜிஐ பைப்பா? ஒத்தைக் கம்பியை இரும்புக் குழாய்க்குள்ள விட்டா மின்னல் கரண்டுக்குக் குழாயே தடையா நிக்கும். குழாயோட ரெண்டு முனையையும் பட்டையோட சேத்துக் கட்டணும், இல்லைன்னா கனமான பிவிசி போடணும். அலுமினியத்தை மண்ணுக்குள்ள இறக்கவே கூடாது, அரிச்சிரும். தரைக்குக் கீழ ஜிஐ, இல்லைன்னா காப்பர் பூசுன ராடு. காப்பரும் அலுமினியமும் சேர்ற இடத்துல பைமெட்டல் (ரெண்டு உலோகத்துக்கும் ஏத்த) கிளாம்ப்.

அலங்காநல்லூர்_எர்த்:
முனையைக் கட்டணும்னு எனக்கும் தெரியும், எழுத விட்டுப்போச்சு. ஊருல பாதி மண்டபத்துல கட்டாமத்தான் கிடக்கு.

மேலூர்_வயர்மேன்:
ஊருல கிடக்குன்னா சரின்னு ஆயிருமாண்ணே?

திருநகர்_சைரன்:
சண்டையை விடுங்கப்பா, அவரு கேட்டது திருட்டு. ஏசி பைப்போட ஒட்டி மெல்லிசு டூகோர் வயரை லூப்பா ஓட்டி, 12 வோல்ட் சைரன் பேனல்ல என்சி ஸோன்ல (வயர் அறுந்தா கத்துற இணைப்பு) குடுங்க. பைப்பை வெட்டுனா வயரும் அறும், சைரன் அலறும். பேனலுக்கு பேட்டரி கட்டாயம், மொதல்ல மெயினைத்தான் அணைப்பானுங்க. மாடில மோஷன் சென்சார் வேணாம், பூனைக்கும் வௌவாலுக்கும் கத்தும், நீங்களே எரிச்சல்ல ஆஃப் பண்ணிருவீங்க. அவுட்டோர் யூனிட்டுக்கு ஆங்கிள் கூண்டு போடலாம், ஃபேன் பக்கம் தகடு அடைக்காதீங்க. வெல்டிங்கை யூனிட்ட விட்டுத் தள்ளி முடிச்சுக் கொண்டுவந்து போல்ட் பண்ணுங்க, R32 தீப்பிடிக்கும்.

ஒத்தக்கடை_மண்டபம்:
பர்க்லரி இருக்கு, 5 லட்சம். எஃப்ஐஆர் போட்டாச்சு. சர்வேயர் நாளைக்கு வர்றார்.

சர்வே_பெரியவர்:
உள்ள இருக்குற சாமான் மதிப்பு 10 லட்சம்னு அவர் கணக்குப் போட்டா, நீங்க பாதிக்குத்தான் பாலிசி எடுத்திருக்கீங்கன்னு ஆகும்; 80,000 நஷ்டத்துக்கு 40,000தான் வரும், அதுலயும் தேய்மானமும் எக்ஸஸும் (நீங்களே ஏத்துக்க வேண்டிய தொகை) கழியும். 7 நாள், 30 நாள்னு ஆள் இல்லாமக் கிடந்தா கவர் இல்லைன்னு ஷரத்து பலதுல உண்டு. ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்ததுன்னு நீங்களே தலைப்புல எழுதிருக்கீங்க. வாட்ச்மேன் சம்பள வவுச்சர், கூட்டிப் பெருக்குனவங்க கூலிச் சீட்டு, ஈபி ரீடிங்னு ஆள் இருந்ததுக்குச் சாட்சி எது இருந்தாலும் எடுத்து வைங்க. அவர் மொதல்ல கேக்குறது அதுதான்.