ஈரப்பனியில் ஸ்னோ புளோவர் ஓயாமல் அடைத்துக்கொள்கிறது, என்ன செய்வது?

மூன்றாம்குளிர்:
வணக்கம். என்னிடம் இருப்பது பெட்ரோலில் ஓடும் இரண்டு கட்ட ஸ்னோ புளோவர் (பனியை அள்ளி வீசும் வண்டி; ஒரு பாகம் அள்ளும், இன்னொன்று வீசும்). பொடிப்பனி என்றால் வேலி தாண்டி வீசும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி விழுகிற ஈரப்பனியில்தான் தொல்லை. பத்தடி போவதற்குள் ஷூட் (பனி வெளியே பறக்கும் குழாய்) அடைத்துவிடுகிறது. முன்னால் பனியை அள்ளும் ஆகர் திருகு சுற்றுகிறது, மேலே ஒன்றும் வரவில்லை. நேற்று மட்டும் 14 முறை நிறுத்திச் சுத்தம் செய்தேன் (கோபத்தில் எண்ணிக்கொண்டே இருந்தேன்). சமையல் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு வரிசைக்கு அருமை, அப்புறம் பழைய கதைதான். அவசரப்படுகிறேனோ என்று பாதி த்ராட்டிலில் (எஞ்சின் வேகத்தைப் பாதியாக்கி) ஆமை மாதிரி நகர்த்தினேன், இன்னும் மோசம். இத்தனைக்கும் வண்டியைக் கராஜில் ஹீட்டர் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பழைய பெல்ட்:
உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு தப்பு இருக்கிறது.

முதலில் அந்த ஹீட்டர். சூடான இரும்பில் பட்ட பனி உருகும், அதன்மேல் வந்து விழும் பனி அந்த ஈரத்தில் ஒட்டும், இரும்பு குளிரக் குளிர அது அப்படியே இறுகிவிடும். வேலை தொடங்க அரைமணி நேரம் முன்பே வண்டியை வெளியே தள்ளி நிறுத்துங்கள். ஷூட்டும் உள்கூடும் வெளிக்குளிருக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்தது த்ராட்டில். வீசும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் இம்பெல்லர், அதாவது இறக்கை வைத்த சக்கரம். எஞ்சினைக் குறைத்தால் அதுவும் தளர்ந்து சுற்றும். அப்போது கூழ்ப்பனி பறக்காது, ஷூட்டின் சுவரில் அப்பிக்கொள்ளும். த்ராட்டில் எப்போதும் முழுசாக இருக்கட்டும், வேகத்தைக் கியரில் மாற்றுங்கள். ரொம்ப மெதுவாகப் போவதும் சரியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வரும் கூழ் வழியிலேயே தங்கிவிடும், நிறைந்து வரும் பனிதான் முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் முனக ஆரம்பித்தால் த்ராட்டிலைத் தொடாதீர்கள். அகலத்தைக் குறையுங்கள், ஆகர் வாயில் பாதிக்குப் பனி வந்தால் போதும்.

இவ்வளவும் செய்து அடைத்தால், இம்பெல்லர் இறக்கைக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். என் வண்டியில் விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. கூழ் அந்தச் சந்தில் வழுக்கிக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. துணி இழை சேர்த்த கெட்டி ரப்பரைப் பட்டையாக வெட்டி, ஒவ்வொரு இறக்கையிலும் துளைபோட்டு போல்ட்டால் இறுக்கினேன். ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு இம்பெல்லரைச் சுற்றிப் பார்த்து, ரப்பர் கூட்டை லேசாக உரசும்படி வைத்தேன். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று, முழங்கால் வலி தனி. ஆனால் முன்பு சொட்டிக்கொண்டிருந்த கூழ் இப்போது பாய்கிறது.

ஸ்ப்ரே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலிகான் ஸ்ப்ரேயைக் காய்ந்த, சுத்தமான இரும்பில் அடித்தால் சமையல் எண்ணெயைவிட நிற்கும். துரு இருந்தால் முதலில் தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள், சொரசொரப்பில் எந்த ஸ்ப்ரேயும் உதவாது. பெல்ட்டிலும் சக்கரத்தை ஓட்டும் உராய்வுத் தட்டிலும் மட்டும் பட்டுவிடக் கூடாது. பட்டால் வழுக்கும்.

நடைபாதை:
14 முறை சுத்தம் செய்தேன் என்கிறீர்களே, எதை வைத்து?

மூன்றாம்குளிர்:
விறகுக்குச்சி. அது உடைந்த பிறகு ஒருமுறை கையுறையோடு கையை விட்டேன். எஞ்சின் நின்றுதான் இருந்தது.

நடைபாதை:
நின்றிருந்தாலும் விடாதீர்கள். அடைத்து நின்ற இம்பெல்லரில் பெல்ட்டின் இழுவிசை மிச்சம் இருக்கலாம். அடைப்பு விலகிய நொடியில் இறக்கை சட்டென்று நகரும், விரல் போக அது போதும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் நின்ற பிறகு, அதற்கென்று வண்டியோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியால் மட்டும் எடுங்கள். தொலைந்திருந்தால் புதிது வாங்குங்கள், குச்சி வேண்டாம். பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

சிறுவண்டி:
பழைய பெல்ட் அண்ணா சொல்வதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. என்னுடையது ஒற்றைக் கட்டம், ஆகரே அள்ளி வீசிவிடும், இம்பெல்லரே கிடையாது. நிறைத்துத் தள்ளினால் அப்படியே உட்கார்ந்துவிடும். எனவே கொட்டி முடியும்வரை காத்திருக்காமல் நடுவில் ஒருமுறை போய் எடுத்துவிடுவேன். ஆகரின் ரப்பர் தேய்ந்ததும் மாற்றினேன், நல்ல வித்தியாசம். ஷூட்டின் மேல்மூடியைக் கீழே மடக்கி வைக்காதீர்கள், அந்த வளைவில்தான் முதலில் அடைக்கும். தெருப்பனியைத் தள்ளும் வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் கூழ்மேட்டை நான் மண்வெட்டியால்தான் எடுக்கிறேன், அதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

பழைய பெல்ட்:
ஒற்றைக் கட்டத்துக்கு நீங்கள் சொல்வதே சரி தம்பி. நான் இரண்டு கட்டத்தை வைத்துப் பேசினேன்.

மூன்றாம்குளிர்:
இன்று மறுபடி அதே ஈரப்பனி. வண்டியை முன்னதாகவே வெளியே வைத்து, முழு த்ராட்டிலில், பாதி அகலத்தில் ஓட்டினேன். மூன்று முறைதான் அடைத்தது. நடுவில் ரப்பர் கருகும் நாற்றம் வந்ததால் மூடியைத் திறந்து பார்த்தேன்: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஆகர் கேபிள் தளர்ந்து, பெல்ட் பாரத்தில் வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கேபிளை இறுக்கியிருக்கிறேன். பெல்ட்டின் ஓரம் பளபளவென்று மின்னுகிறது, மாற்ற வேண்டியதுதானா?

பழைய பெல்ட்:
மாற்றுங்கள். கழற்றும்போதே இம்பெல்லர் இடைவெளியையும் அளந்துவிடுங்கள்.