தாத்தா துப்பாக்கிக் கட்டைக்கு எந்த எண்ணெய்?

அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். மேலூர் பக்கம் தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல், லைசென்ஸ் மாற்றி இப்போது என் பெயரில் இருக்கிறது. கட்டை வால்நட் மரம். மேலே பூசிய வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. சுரண்டிவிட்டு எண்ணெய் ஏற்றப் போகிறேன்.

அப்பா தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார். அது காயாதே, பிசுபிசுவென்று தூசிதான் ஒட்டும்! பச்சை ஆளிவிதை எண்ணெய் காய நாள்கணக்காகும். காய்ச்சியது என்று விற்பதில் உலர்த்தி கலந்திருப்பதால் சீக்கிரம் காயும். டங் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும். கை வியர்வைக்கும் ஐப்பசி மழைக்கும் எது சரி?

அப்புறம், பிடியில் கட்டம் கட்டமாகச் செதுக்கல் இருக்கிறது. அதில் எண்ணெய் அடைத்துக்கொள்ளாமல் எப்படிப் பூசுவது? பழைய பல் பிரஷ் போதுமா? கையால் தேய்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பது தெரியும்; கொடியில் விரித்துத்தான் காயப்போடுவேன்.