கலைச்சொல்: வால்யூமும் தொகுதி, பிளாக்கும் தொகுதியா?

பாளையங்கோட்டை ஆசிரியை:

வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்காகப் பெரிய சேமிப்பகம் திட்டமிடுவது பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 40 டெராபைட் சுவடிப் படங்களை வைக்க வேண்டும், இயங்குதளம் எங்கெங்கே மறிக்கும் என்பதுதான் பாடம். எம்பிஆர் (வட்டைப் பிரிக்கும் பழைய அட்டவணை முறை) பகுதி முடிந்துவிட்டது: 512 பைட் செக்டர் (வட்டில் முகவரி பெறும் சிறு அலகு), 32 பிட் முகவரி, ஆகவே 2 டெபிபைட்டோடு (டெராபைட்டைவிடச் சற்றுப் பெரிய அலகு) சரி, அதற்கு மேல் ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறை. அடுத்த பத்தியில்தான் சிக்கல். நம் கலைச்சொல் பட்டியலில் வால்யூமுக்கும் (இயங்குதளம் ஒரே சேமிப்பிடமாகக் காட்டுவது) தொகுதி, பிளாக்குக்கும் (அதற்குள் கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் சம அளவுக் கூறு) தொகுதி. வாக்கியம் இப்படி வருகிறது:

"ஒரு தொகுதியில் அடங்கும் தொகுதிகளின் எண்ணிக்கையை ஒரு தொகுதியின் அளவால் பெருக்கினால் தொகுதியின் உச்ச அளவு கிடைக்கும்."

இதை வகுப்பில் எப்படி வாசிப்பது? இரண்டில் ஒன்றையாவது மாற்றித் தாருங்கள்.

தென்காசி:

வால்யூமுக்குத் தொகுதியைத் தொடக் கூடாது என்பது என் கருத்து. பகு என்பதிலிருந்து பகுதி, தொகு என்பதிலிருந்து தொகுதி. ஒரு வட்டைக் கூறுபோட்டால் அது பகுதி, பார்ட்டிஷன். பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டினால் அது தொகுதி. லினக்ஸில் வட்டுகளைச் சேர்த்து ஆளும் எல்விஎம்மில் நடப்பது இதுதானே? நான்கு வட்டு சேர்ந்து ஒரு வால்யூம் ஆகிறது. இவ்வளவு பொருத்தமான இணை நமக்குக் கிடைத்திருக்கும்போது அதைக் குலைக்க வேண்டாம். பிளாக்குக்குத்தான் வேறு சொல் பார்க்க வேண்டும்.

சங்கரன்கோவில்:

பகுதி தமிழ்தானா? பகுதி, விகுதி இரண்டும் பிரகிருதி, விகிருதியின் திரிபு என்று படித்திருக்கிறோமே.

தென்காசி:

அது இலக்கணத்தில் வரும் பகுதி, பகுபத உறுப்பு. கூறு என்ற பொருளில் வரும் பகுதி வேறு, அது பகு என்ற வினையிலிருந்தே வந்தது. ஒலி ஒன்றானதால் வேர் ஒன்றாகிவிடாது. மிகு மிகுதி, தகு தகுதி, தொகு தொகுதி, இந்த வரிசையிலே பகுதியையும் வைத்துப் பாருங்கள்.

வள்ளியூர்:

நான் சர்வர் அறையில் வேலை பார்ப்பவன். அங்கே யாரும் தொகுதி என்று சொல்வதில்லை, வால்யூம், பிளாக் என்றுதான் புழங்குகிறது. பிள்ளைகள் நாளை வேலைக்குப் போனால் திரையிலும் அதுதான் வரும். அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு விளக்கத்தைத் தமிழில் நன்றாகச் சொன்னால் போதும். சொல்லைவிட அவர்களுக்குக் கணக்கு புரிய வேண்டும். பிளாக் எண் 32 பிட் என்றால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 பிளாக். ஒவ்வொன்றும் 4 கிபி (கிபிபைட், 1024 பைட்) என்றால் 16 டெபிபைட்டில் நின்றுவிடும். 64 பிட் வசதி இல்லாமல் ஃபார்மட் செய்த ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறைமை) அங்கேதான் முட்டும். 40 டெராபைட் வாங்கி மாட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது?

அம்பாசமுத்திரம்:

வள்ளியூர்த் தம்பி சொல்லும் கணக்கு சரி, ஆனால் அந்தக் கணக்கைப் புரியவைப்பதே சொல்தான். பிளாக்குக்குப் பாத்தி என்று வைப்போம். வேரும் நல்ல வேர்: பகுத்து என்பது பாத்து ஆகும், "பாத்தூண் மரீஇ யவனை" என்று குறளில் இருக்கிறது, பகுத்து உண்பது பாத்தூண். அந்தப் பாத்து வழியில்தான் பாத்தி. பகுதிக்கும் பாத்திக்கும் ஒரே தாய்.

பொருளும் பொருந்துகிறது. ஒரு பாத்தியில் ஒரே ஒரு கத்தரிச் செடி நட்டாலும் பாத்தி முழுவதும் அதற்கே போகிறது, மிச்ச இடத்தில் அடுத்தவர் நட முடியாது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் 16 டெபிபைட்டைத் தாண்ட வேண்டும் என்று 64 கிபி அலகு வைக்கிறோம், 256 டெபிபைட் வரை போகலாம். ஆனால் ஒவ்வொரு சுவடிப் படத்தோடும் 2 கிபி விவரக் கோப்பு ஒன்று வருகிறது. அப்படி 10 லட்சம் கோப்பு என்றால் உள்ளடக்கம் 2 ஜிபிதான், வட்டில் பிடிப்பதோ 60 ஜிபிக்கு மேல். பாத்தி என்று சொன்னால் இது பிள்ளைக்கு உடனே பிடிபடும். அம்பைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கட்டாயம் பிடிபடும்.

ஆசிரியை:

அண்ணாச்சி, விளக்கம் அருமை, பாடத்தில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் டவுன் பிள்ளைகள், பாத்தி கட்டிப் பார்த்ததில்லை. கட்டம் என்று வைத்தால் என்ன? கணக்கு நோட்டிலேயே கட்டம் இருக்கிறது, எல்லாம் ஒரே அளவில்.

அம்பாசமுத்திரம்:

கட்டம் என்றால் முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என்ற பொருளும் வரும். "விரிவாக்கத்தின் முதற்கட்டத்தில் எத்தனை கட்டம்" என்று எழுத நேர்ந்தால் தொகுதிச் சிக்கல் மறுபடி வந்துவிடும். கஷ்டம் என்பதன் தற்பவமும் கட்டம்தான்.

சங்கரன்கோவில்:

பாத்தி என்றதும் நினைவு வந்தது. எங்கள் பக்கம் ஒரு குளத்து வயல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து என்போம். வால்யூமுக்குப் பத்து, பிளாக்குக்குப் பாத்தி?

தென்காசி:

பத்து என்பது பற்று என்பதன் பேச்சு வடிவம், பகு வழி இல்லை. அப்புறம் எண் பத்தோடு மோதும். "பத்துப் பத்து" என்று எழுதுவீர்களா?

வள்ளியூர்:

அளவு பற்றி இன்னொன்றையும் சேருங்கள். கிளஸ்டர் (என்டிஎஃப்எஸ்ஸில் பிளாக்குக்கு ஈடான அலகு) அளவை ஃபார்மட் செய்யும்போதே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்றுவதென்றால் தரவை எல்லாம் வேறு இடத்துக்கு நகர்த்தித் திரும்ப ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும். 4 கிபிக்கு மேல் போனால் என்டிஎஃப்எஸ்ஸின் கோப்புச் சுருக்கமும் கிடையாது. சொல் எதுவானாலும் இந்த இரண்டும் பாடத்தில் இருக்கட்டும்.

ஆசிரியை:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். ஞாயிறு ஆகிவிட்டது, அதனால் இப்படி அனுப்புகிறேன்: வால்யூம் தொகுதி, பார்ட்டிஷன் பகுதி, பிளாக் கட்டம். தென்காசியும் சங்கரன்கோவிலும் சரி என்கிறார்கள், வள்ளியூர் முதல் தடவை மட்டும் "பிளாக் எனப்படும் கட்டம்" என்று எழுதினால் சம்மதம் என்கிறார்.

அம்பாசமுத்திரம்:

பெரும்பான்மை அப்படி என்றால் அச்சை நிறுத்த வேண்டாம். நான் எழுதும் குறிப்புகளில் பாத்தி என்றே எழுதுவேன், பட்டியலில் மாற்றுச் சொல்லாக அதையும் குறித்துவைக்க வேண்டும். முதற்கட்டச் சிக்கலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தென்காசி:

குறித்துவிட்டேன். ஆனால் வள்ளியூர் மேலே கிளஸ்டர் என்றாரே, அது பல செக்டர் சேர்ந்தது. நம் பட்டியலில் அதற்குக் கொத்து என்று இருக்கிறது. 40 டெராபைட்டை லினக்ஸில் வைத்தால் கட்டம், விண்டோஸில் வைத்தால் கொத்து என்று பாடத்தில் வரப்போகிறதா, அல்லது இரண்டுக்கும் ஒரே சொல்லா?