மழை இரண்டு இடத்தில் இருக்கிறது

சின்னவள்: அண்ணா, இருக்கிறாயா? பைதான் நிரல்மொழியில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை வரி வரியாகப் படிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு காலி வரி வருகிறது. ஃபைலில் அப்படி இல்லவே இல்லை 😩

அண்ணன்: ஃபார் லூப் போட்டு அப்படியே பிரிண்டா?

சின்னவள்: ஆமாம். இன்னொரு கூத்தும் இருக்கிறது. 'மழை' என்ற வரி இரண்டு இடத்தில் இருக்கிறது. இஃப் போட்டுத் தேடினால் கடைசி வரியில் இருப்பது மட்டும்தான் சிக்குகிறது.

சித்தப்பா: ஃபைல் கெட்டுப்போயிருக்குமோ?

அண்ணன்: இல்லை சித்தப்பா. கடைசி வரி மட்டும் சிக்குகிறதே, துப்பு அங்கேதான். எண்டர் தட்டிய இடத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். பைதான் வரியோடு அதையும் சேர்த்தே தரும். பிரிண்ட் தன் பங்குக்கு இன்னொன்று போடும். கடைசி வரிக்குப் பிறகு நீ எண்டர் தட்டியிருக்க மாட்டாய்.

அண்ணன்: நம்பிக்கை இல்லையென்றால் மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ரெப்ர் போட்டுப் பிரிண்ட் செய்.

சின்னவள்: அட! மழைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'என்'னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓரங்களை வழிக்கும் ஸ்ட்ரிப் போட்டுவிடவா?

அண்ணன்: போடலாம். ஆனால் அது வரியின் முன்னால் விட்ட இடைவெளியையும் வழித்தெடுத்துவிடும். வரியின் கடைசியில் மட்டும் வழிக்கும் ஆர்ஸ்ட்ரிப் போட்டு, அந்தக் குறியை மட்டும் உள்ளே கொடு.

சித்தப்பா: பைதானே அந்தக் குறியை வெட்டிவிட்டுக் கொடுத்தால் என்னவாம்?

அண்ணன்: ஒரு தடவைக்கு ஒரு வரி படிக்கும் ரீட்லைனை நினைத்துப் பாருங்கள். நடுவில் காலி வரி வந்தால் குறி மட்டும் வரும். ஃபைல் தீர்ந்தால் ஓர் எழுத்தும் இல்லாத காலிச் சரம் வரும். வெட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும், காலி வரியிலேயே லூப் நின்றுவிடும்.

சித்தப்பா: சரிதான். நான் சி மொழி படித்தபோது, ஃபைல் முடிந்ததா என்று எஃப்ஈஓஎஃப்-இடம் கேட்டுக் கேட்டு லூப் ஓட்டினேன், கடைசி வரி இரண்டு தடவை வந்தது. ஒருமுறை படிக்கப் போய்த் தோற்ற பிறகுதான் அது முடிவென்று சொல்லுமாம். யாரும் சொல்லித்தரவில்லை.

அண்ணன்: அப்புறம், ஃபைலைத் திறக்கும் ஓப்பனில் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று எழுதிவிடு. சில விண்டோஸ் கணினிகளில் அது இல்லாமல் படித்தால் மழை 9 கிறுக்கல்களாக வரும். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், பைட்டுக்கு ஒரு கிறுக்கல்.

சின்னவள்: ம, ழ, ஐகாரக் கொம்பு. 9 சரி!

சின்னவள்: வந்துவிட்டது!! மழை இரண்டு இடத்தில் 🎉

அம்மா: எங்கே மழை? மாடியில் துணி காய்கிறது, ஒருத்தராவது எடுத்தீர்களா?