பொருள்: மண் நுண்ணுயிர் மாத்திரைக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

ரோஸ் ஹில் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். இங்கே மொரீஷியசில் காவடிப் பந்தலில் கொடுக்க ஓர் உணவுநலக் கையேட்டைப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகம் போக வேண்டும். மண்ணில் வாழும் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளை மாத்திரையாக்கி விற்கிறார்களே, அந்தப் புரோபயாட்டிக்குக்கு 'மண் நன்னுயிரி' என்று போடலாமா?

கத்ர் போர்ன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கரும்புக்காரர் அதை உயிர் உரம் என்றுதான் எடுத்துக்கொள்வார், அம்மா. நன்மை மண்ணுக்கா, வயிற்றுக்கா? என் வாக்கு 'உறையுயிரி'க்கு. 'வானுறையும் தெய்வம்' என்றார் வள்ளுவர். இது மண்ணில் உறைவது. வயிற்று அமிலத்தைத் தாண்ட வைப்பதும் அதன் தடித்த மேலுறைதான். போதாக்குறைக்குப் பாலுக்கு ஊற்றும் உறைமோர் வேறு! ஒரே சொல்லில் மூன்று பொருள். உறையூரையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அது தனி மடல்.

மோக்கா, உயிரியல் ஆசிரியர்:
ஐயா, நாலாவது பொருளை விட்டுவிட்டீர்கள்: உறைபனி. பிள்ளைகள் குளிர்பெட்டிச் சரக்கு என்று நினைப்பார்கள். இந்த வகைக்கோ குளிர்பெட்டியே வேண்டாம், கடைக்காரருக்கு அதுதான் வசதி. தயிரில் இருப்பதும் வேறு இனம், லாக்டோபேசில்லஸ். 'வித்து' என்றும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். வித்து பெருகுவதற்கு, இங்கே ஒரு செல் ஒரே ஸ்போராக, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வடிவமாக, ஒடுங்கிக் கெட்ட காலத்தைக் கடத்துகிறது.

எனக்கு உறுத்துவது 'நன்'. 2001-இல் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வகுத்தபடி, போதிய அளவில் உண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாட்டிக். மண்ணிலிருந்து வந்ததெல்லாம் அதில் சேராது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் பேசில்லஸ் சப்டிலிஸ் உண்ட முதியோரின் எச்சிலில் ஐஜிஏ என்ற நோயெதிர்ப்புப் புரதம் கூடியது. ஆனால் நோய்க்குறி இருந்த நாட்கள் மொத்தத்தில் குறையவில்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இதே பேசில்லஸ் இரத்தத் தொற்றானதும் பதிவாகியிருக்கிறது. சொல் கிடக்கட்டும், 'நோயெதிர்ப்பை வலுப்படுத்தும்' என்ற வரி இருந்தால் முதலில் அதை எடுங்கள்.

போர்ட் லூயிஸ்:
வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்கு இரண்டுமே புரியாது. புரோபயாட்டிக் என்றால் பாட்டிக்கும் தெரியும். மருந்துக்கடையில் சொல்வதும் அதுதானே.

கத்ர் போர்ன்:
நம் ரூபாய்த் தாளில் தமிழ் எந்த வரியில் நிற்பது என்று 1998-இல் போராடியவர்கள் நாம். ஒரு மருந்துக்கடைச் சொல்லுக்குத் தோற்பதா?

போர்ட் லூயிஸ்:
தாளில் எழுத்து நிற்கிறது ஐயா. வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்?

ரோஸ் ஹில் ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'மண்வாழ் நுண்ணுயிர் மாத்திரை' என்று போடுகிறேன், பக்கத்தில் ஒரே ஒருமுறை புரோபயாட்டிக். அந்த வரி இருந்தது, எடுத்துவிட்டேன். 'நோயெதிர்ப்புக்கு உதவும் என்று இன்னும் உறுதியாகவில்லை. வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்' என்று மாற்றினேன்.

மோக்கா:
சரி.

போர்ட் லூயிஸ்:
ஏதோ ஒன்று, போடுங்கள்.

கத்ர் போர்ன்:
நான் ஒப்பவில்லை என்பது பதிவாகட்டும். தவிர, 'மாத்திரை' வடசொல். 'குளிகை' என்று திருத்த நேரமிருக்கிறதா?

மோக்கா:
குளிகையும் வடசொல்தான் ஐயா.