98 மாடல் மாருதி 800-க்கு எந்த ஆயில் ஊத்துறது?

கேள்வி: அண்ணா, அப்பா வண்டி, மதுரைலதான் ஓடுது, காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் நீலப்புகை வந்துட்டு நின்னுடுது, மெக்கானிக் 20டபிள்யூ50-ங்கிற கெட்டி ஆயில் ஊத்துனா சரியாயிடும்ங்கிறார், ஊத்தலாமா?

பதில்: காலைல மட்டும்னா பெரும்பாலும் வால்வ் சீல், அதாவது ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்காம தடுக்கிற ரப்பர்தான் காரணம் தம்பி, ராத்திரி பூரா ஆயில் சொட்டு சொட்டா உள்ள இறங்கியிருக்கும். காய்ஞ்ச ரப்பருக்கு கெட்டி ஆயில் மருந்தாகாது. டபிள்யூக்கு முன்னாடி நம்பர் குளிர்ல எப்படி ஓடும்ங்கிறது, பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்ங்கிறது. மொதல்ல மேனுவல பாரு.

இன்னொரு பதில்: நம்ம வெயிலுக்கு 20ல ஆரம்பிக்கிறதுல பயமில்லைங்க, நான் 20டபிள்யூ40தான் ஊத்துறேன். டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் லெவல் பாக்குற கம்பியை, துடைச்சு திரும்ப விட்டுப் பாருங்க, லெவல் கொறைஞ்சிருந்தா உடனே டாப்அப் பண்ணுங்க, இல்லன்னா பேரிங் போயிடும்.

கேட்டவர்: பார்த்தேண்ணா, லோ மார்க்குக்கும் கீழ இருக்கு, இப்பவே வாங்கப் போறேன்.