புதுத் தொட்டி, வெள்ளைத் தண்ணீர், மேலே வந்து வாய் பிளக்கும் மீன்கள்: உதவி வேண்டும்

முதல்_தொட்டி
வணக்கம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. வைத்து 3 வாரம் ஆகப்போகிறது. கோல்டு ஃபிஷ் 4, கருப்பு மோலி 6, ஏஞ்சல் 2, சக்கர் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன்) 1, எல்லாம் ஒரே நாளில் விட்டது. முதல் சில நாள் நன்றாக இருந்தன. அப்புறம் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல், ஸ்பாஞ்ச் எல்லாம் குழாயில் அலசிப் புதுத் தண்ணீர் பிடித்தேன். மறுபடி வெளுத்துவிட்டது. இதுவரை 1 கோல்டு, 2 மோலி செத்தன. மீதி காலையில் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லை. ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். சத்தம் அதிகம், இரவில் நிறுத்திவிடுவோம். தண்ணீர் அப்பார்ட்மென்ட் சம்ப், போரும் லாரியும் கலந்தது. கடையில் நீலச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஊற்றலாமா?

செவுள்
நீலத்தைத் தொடாதீர்கள். அது மெத்திலீன் புளூ. நோய் அறிகுறி எதுவும் இல்லாதபோது அதனால் பயனில்லை. ஃபில்டரில் இப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும், ஓரத்து சிலிக்கானும் நீலமாகிவிடும்.

முதல் வேலை, பம்பைப் போடுங்கள். இனி 24 மணி நேரமும் ஓட வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இரண்டும் குடியிருப்பது ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான், இரண்டுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். இரவெல்லாம் பம்பை நிறுத்தினால் அவையும் திணறும், மீனும் திணறும். குழாயடியில் அலசியபோது லாரித் தண்ணீரின் குளோரின் இருந்ததையும் கொன்றிருக்கும். அதாவது 3 வாரத் தொட்டி என்று சொல்கிறீர்கள், கணக்குப்படி அது கழுவிய நாளில்தான் பிறந்தது.

வெள்ளை நிறம் வேறு விஷயம். மிச்சத் தீனியைத் தின்று தண்ணீரிலேயே பெருகும் பாக்டீரியா அது. தீனியைக் குறைத்தால் சில நாளில் தானே தெளியும். அதைப் பார்த்துத் தண்ணீரைக் கொட்டியதில்தான் மேலே சொன்ன அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சுழற்சி திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது. தெளிந்த தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (அமில-கார அளவு) நான்கையும் இங்கே போடுங்கள். காகிதப் பட்டையை விடச் சொட்டு வகை நம்பகமானது. பட்டைகள் பலவற்றில் அம்மோனியா சோதனையே இருக்காது.

பாசிப்படலம்
பம்ப் சத்தத்துக்கு: அடியில் ஒரு துண்டு ஃபோம் வையுங்கள், சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்பையும் பிளக்கையும் நனைத்துவிடும். விலை ரொம்பக் கம்மி, யாரும் வாங்குவதில்லை.

கெண்டைக்குஞ்சு
போர் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருக்கும். பேசாமல் முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

செவுள்
@கெண்டைக்குஞ்சு ஆகாது. அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் சக்தியை, கரைக்கும்: 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மி.கி. போகும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் கரைய ஒன்றுமே இருக்காது, பி.எச். திடீரென்று சரியும். மோலிக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், கோல்டுக்கும் ஒத்துப்போகும். மீன் வளர்ப்பில் நிலையான தண்ணீர்தான் முக்கியம், 'சுத்தமான' தண்ணீரைத் துரத்த வேண்டாம்.

முதல்_தொட்டி
நன்றி. பம்ப் இப்போது நிற்காமல் ஓடுகிறது. டெஸ்ட்: அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.), நைட்ரைட் 0.25, நைட்ரேட் 5, பி.எச். 8.2. தண்ணீர் 30 டிகிரி. சம்ப் தண்ணீரில் அம்மோனியா 0. 2 என்பது அதிகமா?

செவுள்
உங்கள் தண்ணீருக்கு ரொம்ப அதிகம். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் அயனியாகாத, அதாவது மின்னேற்றம் இல்லாத, பங்குதான் செவுளை எரிக்கும், அந்தப் பங்கு பி.எச். கூடக் கூட ஏறும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் 1 சதவீதம்கூட இல்லை. 8.2-இல் சுமார் 11 சதவீதம். அப்படியென்றால் உங்கள் தொட்டியில் 0.2 பிபிஎம்முக்கு மேல். 0.05 தாண்டினாலே செவுள் கெட ஆரம்பிக்கும். காலையில் மேலே வருவதற்கு இதுவும் காரணம், இரவில் காற்று நின்றதும் காரணம். 30 டிகிரியில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்ஸிஜனே லிட்டருக்கு 7.5 மி.கி. அளவுதான்.

இன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 2 என்பது 1 ஆகும். நாளை இன்னொரு பாதி, 0.5 ஆகும். உங்கள் தொட்டி விளிம்புவரை 56 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடமும் போகத் தண்ணீர் 45 இருக்கும், ஆகவே ஒரு முறைக்கு 22 லிட்டர் போல. புதுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆன்டி குளோரின் போட்டு, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வந்த பிறகு மெதுவாக ஊற்றுங்கள். படிக வடிவில் வாங்கினால் அது சோடியம் தயோசல்ஃபேட். 1 மி.கி. குளோரினை முறிக்கச் சுமார் 7 மி.கி. போதும், 20 லிட்டர் வாளிக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

கல்லையும் ஸ்பாஞ்சையும் தொட வேண்டாம். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு குமிழி குறைந்தால் மட்டும், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழியுங்கள்.

தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

பாசிப்படலம்
அடுத்து நைட்ரைட் ஏறும், பயப்பட வேண்டாம். அது இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறவிடாமல் செய்யும். கல் உப்பின் குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். லிட்டருக்கு 1 கிராம், உங்களுக்கு 45 கிராம். எடை போட்டு, வாளியில் கரைத்து, 3 பங்காகப் பிரித்து ஊற்றுங்கள். அயோடின் சேர்த்த தூள் உப்பு வேண்டாம். உப்பு ஆவியாகாது, ஆகவே ஆவியான அளவுக்குத் தண்ணீர் நிரப்பும்போது சேர்க்கக்கூடாது. 22 லிட்டர் மாற்றினால் 22 கிராம், அவ்வளவுதான்.

தெரிந்தவரிடம் பல மாதம் ஓடிய, நோயில்லாத தொட்டி இருந்தால் அவர் ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரோடு கட்டிவிடுங்கள். கொண்டுவரும்போது காயக்கூடாது. கடையில் விற்கும் எந்த பாக்டீரியாப் புட்டியை விடவும் இது வேகம்.

முதல்_தொட்டி
செய்துவிட்டேன். அம்மோனியா 0.5. மீன்கள் கீழே இறங்கி நீந்துகின்றன. தண்ணீர் இன்னும் லேசாக வெள்ளைதான். போன மீன்களுக்குப் பதிலாக வேறு எப்போது விடலாம்? சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தைக்குப் போய் வாங்கலாம் என்று எண்ணம்.

செவுள்
அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் 0, நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்ற நிலை வர வேண்டும். சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை தினமும் டெஸ்ட், அம்மோனியா 0.5-ஐத் தொட்டால் மறுபடி பாதித் தண்ணீர்.

கொளத்தூருக்குப் போங்கள், ஆனால் முதல் தடவை கொடுக்கப் போங்கள். கோல்டு ஃபிஷ் 3-க்கும் இந்த இடம் காணாது, கழிவும் அதிகம். சாதாரண கோல்டு ஃபிஷ் 15 செ.மீ. தாண்டி வளரும். சக்கர் ஒரு அடிக்கு மேல் போகும், பாசி தின்பதை விடக் கழிவு போடுவதில் கெட்டிக்காரன். ஏஞ்சலுக்கு 1 அடி உயரம் குறைவு. மோலி 4-ஐ மட்டும் வைத்து சுழற்சியை முடியுங்கள். பிறகு வாரம் 2 மீன் வீதம் சேர்க்கலாம்.

சக்கர் மீனைக் கடையில் எடுக்கவில்லை என்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள், நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவி, வலையைக் கிழித்து மீனவர்களைப் படுத்துகிறது.